உருகும் லென்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பனிக்கட்டியை லென்ஸாகத் தேய்த்து கேமராவில் பொருத்திப் படம் எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பலர் செய்து பார்த்துவிட்டே எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: ஐயா, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். ஓரமெல்லாம் தெளிவாக இருக்கிறது, நடுவில் மட்டும் பஞ்சு அடைத்தாற்போல வெள்ளை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றியும் பார்த்துவிட்டேன், அதே கதைதான். என்ன செய்ய?

பதில்: தண்ணீரின் மேல் பழி போடாதீர்கள். குளிர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். நீர் உறையும்போது அதில் கரைந்திருக்கும் காற்றையும் உப்புகளையும் பனிப்படிகம் தனக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. உறையாத நீருக்குள் தள்ளிக்கொண்டே போகும். சாதாரணக் கிண்ணத்தில் நாலாபக்கமும் குளிர் ஏறுவதால், தள்ளப்பட்ட காற்றெல்லாம் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளை அந்தக் காற்றுக்குமிழிகள்தான். கொதிக்கவைத்தால் காற்று கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஃப்ரீசருக்குள் நுழைகிற அளவு ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டியில் தண்ணீரை ஊற்றி, மூடாமல் வையுங்கள். பக்கமும் அடியும் குளிரை விடாது. மேலிருந்து மட்டும் உறையத் தொடங்கும். காற்று கீழே கீழே என்று போய்க்கொண்டிருக்கும். முழுக்க உறையும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் போல விட்டு, அடியில் கொஞ்சம் தண்ணீர் பாக்கி இருக்கும்போதே கவிழ்த்து எடுங்கள். கீழே வெள்ளை தென்பட்டால் ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிடுங்கள். மேல்பக்கத்துக் கட்டி கிட்டத்தட்டக் கண்ணாடிதான். அதன் கீழே அச்சடித்த தாளை வைத்து எழுத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் அந்தக் கட்டி லென்ஸுக்கு ஆகும்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன் கட்டியைப் பிடித்து, கேமராவின் போலரைசர் ஃபில்டர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வழியாகப் பாருங்கள். ஃபில்டரை மெல்லத் திருப்பினால், இதுவரை நிறமே இல்லாத கட்டிக்குள் ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று படிகங்கள் தனித்தனியாக எழுந்து வரும். பனிப்படிகத்துக்கு ஒளியை இரண்டாகப் பிரிக்கும் குணம் உண்டு. அதன் இரு ஒளிவிலகல் எண்களுக்கும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்) வித்தியாசம் சுமார் 0.0014தான், அதற்கே இத்தனை நிறம். மேலிருந்து மெதுவாக உறைந்த கட்டியில் படிகங்கள் பெரிதாக இருக்கும். லென்ஸின் நடுப்பகுதி ஒரே படிகத்துக்குள் அமைகிற மாதிரி வெட்ட முடிந்தால் விடாதீர்கள்.

பனிக்கட்டி லென்ஸின் தரத்தில் பெரும்பங்கு உறையும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. தேய்ப்பதில் காட்டும் பொறுமையை இந்த ஒரு நாளில் காட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரே அளவில் இரண்டு குழிக்கரண்டிகள் இருக்கின்றன. வாய் 5 செ.மீ., ஆழம் 8 மி.மீ. இதில் தேய்த்தால் குவியத்தூரம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? கேமரா மிரர்லெஸ்.

பதில்: தாராளமாக. வாயின் பாதியை மி.மீ.யில் எடுத்து வர்க்கப்படுத்துங்கள்: 25-இன் வர்க்கம் 625. ஆழத்தின் வர்க்கம் 64. இரண்டையும் கூட்டி, ஆழத்தின் இரு மடங்கான 16-ஆல் வகுத்தால் சுமார் 43. கரண்டியின் வளைவு ஆரம் 43 மி.மீ. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0.31. இரண்டு பக்கமும் குவிந்த லென்ஸானால் ஆரத்தை 0.62-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 70 மி.மீ. ஒரு பக்கம் தட்டையாக விட்டால் சுமார் 140. இதே வளைவில் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் இருந்தால் 41 மி.மீ. அளவிலேயே குவித்துவிடும். பனிக்கட்டி ஒளியை அவ்வளவு வளைக்காது. அதனால் அதே குவியத்தூரத்துக்கு அதிக வளைவு கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் கோளப் பிறழ்ச்சியும், அதாவது லென்ஸின் ஓரமும் நடுவும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் கோளாறும், கூடுகிறது.

மிரர்லெஸ் கேமராவில் மவுன்டிலிருந்து (லென்ஸைப் பொருத்தும் வளையம்) சென்சார் 16 முதல் 20 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கும். ஆகவே 70 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் சுமார் 50 மி.மீ. குழாய் வேண்டும். தூரத்துக் காட்சிக்கு அந்த நீளம் போதும்; பக்கத்தில் உள்ளதை எடுக்கக் குழாய் நீள வேண்டும் என்பதால், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு பிவிசி குழாய்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பல கரண்டிகளுக்கு அடி நடுவில் லேசாகத் தட்டையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாம் பயன்படுத்தப்போவது அந்த நடுப்பகுதியைத்தான். அட்டையில் 43 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவு வெட்டி உள்ளே நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேறு கரண்டி தேடுங்கள்.

தேய்ப்பது இப்படி: கரண்டியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து, கட்டியை அதற்குள் வைத்து எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். உருகும் நீரை அவ்வப்போது கவிழ்த்துவிடுங்கள். உலோகம் எப்படியோ அப்படியே பனிக்கட்டியின் முகமும் அமையும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து எடுத்த கட்டியை நேரே சூடான உலோகத்தில் வைத்தால் ‘டப்’ என்று விரிசல் விட்டுவிடும். மேலே பூத்த உறைபனி மறைந்து முகம் ஈரமாகும்வரை கம்பளித் துணியில் வைத்திருந்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: லென்ஸ் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஆனால் படம் முழுக்க வெள்ளை படர்ந்து, எதிலும் ஓரமே இல்லை. கட்டி கலங்கலாகிவிட்டதா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கட்டி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதில் மூன்று கோளாறுகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, நேரம். ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்த லென்ஸின் மேல் காற்றின் ஈரம் படிந்து உறைந்துவிடும். அப்போது எடுத்தால் வெள்ளைதான். கொஞ்சம் பொறுங்கள். முகம் பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டதும் அந்த உறைபனி கரைந்து மெல்லிய நீர்ப்படலமாக மாறும். பனிக்கட்டி லென்ஸின் சிறப்பே இந்தக் கட்டத்தில்தான். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, பனிக்கட்டிக்கு 1.31, இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கரண்டி விட்ட கீறல்களை எல்லாம் அந்தப் படலம் நிரப்பி மறைத்துவிடுகிறது. எந்த மெருகும் போடாமலே முகம் பளபளவென்று ஆகும். பிறகு கீழ் விளிம்பில் ஒரு துளி கூடத் தொடங்கும். படலம் கீழ்நோக்கித் தடித்து, படத்தில் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் கீழே இழுபடும். உறைபனி மறைவதற்கும் துளி கூடுவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்களுடையது. இழுபட்ட படங்களையும் அழித்துவிடாதீர்கள். அவற்றில் சில, கூர்மையான படத்தைவிட எனக்குப் பிடித்தவை.

அந்தக் குறுகிய நேரத்தை ஃபோகஸ் தேடுவதில் வீணாக்கக் கூடாது. அதனால் எப்போதும் இரட்டையாகச் செய்யுங்கள். முதல் லென்ஸைப் போட்டு ட்ரைபாடில் ஃபோகஸ், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் மேனுவலில் நிலைநிறுத்திவிட்டு, அதைக் கழற்றி இரண்டாவதைப் போட்டு எடுங்கள். லென்ஸ் இல்லை என்று ஷட்டர் அடம்பிடித்தால், லென்ஸ் இல்லாமலும் இயங்க அனுமதிக்கும் அமைப்பு மெனுவில் இருக்கும்; அதை இயக்கிவிடுங்கள்.

இரண்டாவது, வாய் முழுக்கத் திறந்து எடுத்திருக்கிறீர்கள். 70 மி.மீ. லென்ஸில் 50 மி.மீ. வாய் என்றால் எஃப் 1.4 (குவியத்தூரத்தை வாயின் அகலத்தால் வகுத்த எண்). ஒற்றைப் பனிக்கட்டியிடம் அதைக் கேட்கக் கூடாது. கறுப்பு அட்டையில் 12 மி.மீ. ஓட்டை போட்டு லென்ஸுக்கு முன்னால் வைத்தால் ஏறக்குறைய எஃப் 5.6, 9 மி.மீ. ஓட்டைக்கு எஃப் 8. வெள்ளைப் படர்வு சட்டென்று விலகுவதை நேரிலேயே பார்ப்பீர்கள். 1900-இல் வந்த கோடக் பிரவுனி பெட்டிக் கேமராவிலும் ஒற்றை லென்ஸும் சிறு துவாரமும்தான் இருந்தன.

மூன்றாவது, வெள்ளைக் குழாயின் உட்சுவர். அது ஒளியைச் சிதறடித்துப் படம் முழுக்கத் தெளிக்கிறது. உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டுங்கள்.

கேள்வி: கேமராவுக்குள் தண்ணீர் போய்விடாதா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். குழாயின் கேமரா பக்கத்து முனையில் ஒரு சாதாரண யூவி ஃபில்டரைச் சிலிக்கோன் பசையால் சுற்றிலும் அடைத்து ஒட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் ஒரு சொட்டும் போகாது. அதற்கு முன்னால், குழாயின் அடியில் சிறு வடிகால் துளை. வெளிச்சம் நுழையாதிருக்க அதில் கறுப்பு ஸ்பான்ஜ். கேமராவை எப்போதும் லேசாக முன்பக்கம் சாய்த்தே வையுங்கள். உருக உருக லென்ஸ் மெலியும் என்பதால் பின்னாலிருந்து ஒரு ரப்பர் வளையம் அதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவிவிடும்.

சூரியனை நோக்கி மட்டும் திருப்பவே கூடாது. பனிக்கட்டி தானே என்று நினைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்டிக்கில் திமிங்கில வேட்டைக் கப்பல் நடத்திய வில்லியம் ஸ்கோர்ஸ்பி, கோடாலியால் வெட்டி, கத்தியால் சுரண்டி, கம்பளிக் கையுறையில் தாங்கி, கைச்சூட்டாலேயே மெருகேற்றிய பனிக்கட்டி லென்ஸ்களால் மரத்தைக் கருக்கினார், வெடிமருந்தைப் பற்றவைத்தார், ஈயத்தை உருக்கினார், மாலுமிகளின் புகைக்குழாய்களுக்கும் நெருப்பு வைத்துக்கொடுத்தார். உங்கள் ஷட்டரும் சென்சாரும் எம்மாத்திரம்?

கேள்வி: இதே மங்கலை ஒரு ஆப்பில் ஒரு நொடியில் கொண்டுவரலாமே. எதற்கு இவ்வளவு பாடு?

பதில்: மங்கல்தான் வேண்டும் என்றால் ஆப்பே போதும். ஆப் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி மங்கலைப் பூசும். பனிக்கட்டியில் எடுத்த படத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த இடதுமூலைக் கோடு படிகங்களின் எல்லை, அந்த வளையம் ஒரு குமிழி, கீழே இழுபட்டது கடைசித் துளி என்று நீங்கள் கைகாட்டிச் சொல்ல முடியும். 2018-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் மாத்யூ ஸ்டெர்ன், ஐஸ்லாந்தின் யோகுல்சார்லோன் பனியேரிப் பக்கம் போய், பனிப்பாறைத் துண்டை லென்ஸாக்கி அந்த நிலப்பரப்பையே படமெடுத்தார். அந்த இடத்தின் பனி வழியாக அந்த இடத்தைப் பார்ப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தப் படங்களைப் பார்த்தபோது கூர்மை எவ்வளவு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் கேமரா இல்லை. நானும் செய்யலாமா, ஐயா?

பதில்: நீதான் முதலில் செய்ய வேண்டும், கண்ணு. ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை, எதிர்ப்பக்கத்தை வெட்டிவிட்டு டிரேசிங் தாள். லென்ஸுக்கும் தாளுக்கும் இடைவெளி குவியத்தூரம். இருட்டான அறைக்குள் நின்று ஜன்னல் பக்கம் திருப்பினால், வெளியே உள்ள மரமும் சுவரும் தாளில் தலைகீழாக, நிறத்தோடு, அசைவோடு விழும். வகுப்பில் கற்ற குவி லென்ஸ் பாடம் முழுக்க அங்கே இருக்கிறது. அளவுகோலை எடுத்து இடைவெளியை அளந்து, மேலே சொன்ன கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

கேள்வி: பனிக்கட்டி லென்ஸில் சயனோடைப் எடுக்க முடியுமா?

பதில்: இரும்பு உப்பு பூசிய தாளில் வெயிலால் நீலநிறப் படம் பதிக்கும் பழைய முறைதான் சயனோடைப். ஒளியைப் பொறுத்தவரை தடையில்லை. சயனோடைப்புக்கு வேண்டிய புறஊதா ஒளியைப் பனிக்கட்டி நன்றாகவே விடும். நேரம்தான் இடிக்கிறது: கேமராவுக்குள் அந்தத் தாள் பதிய நல்ல வெயிலிலேயே மணிக்கணக்காகும். காற்றே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் நாளானால் முயலுங்கள், லென்ஸ் தாங்கும். மற்ற இடங்களில் கறுப்பு-வெள்ளை புரோமைடு தாளைச் சிவப்பு விளக்கில் வெட்டிப் பெட்டிக்குள் வைத்து எடுங்கள். வெயிலில் வெகு சீக்கிரம் பதிந்துவிடும். கிடைக்கும் நெகட்டிவ் தாளை (கறுப்பும் வெள்ளையும் மாறி விழுந்த படம்) இன்னொரு புரோமைடு தாளோடு முகம் சேர்த்து வைத்து, விளக்கொளி காட்டிக் கழுவினால் படம் நேராகிவிடும்.