4,000-க்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி பூஞ்சையைத் துடைங்க

வணக்கம் நண்பரே. 18,000 ரூபாய் லெதர் ஜாக்கெட், சென்னையில ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவைதான் போட்டீங்க, இப்போ பூஞ்சை, 4,000-க்குக் கேக்குறாங்க, தள்ளிவிடலாமான்னு கேட்டிருந்தீங்க. பழைய லெதருக்கு அவ்வளவுதான் வரும், பேரம் பேசிப் பிரயோஜனமில்ல.

நான் 2011-ல முதல் போனஸ்ல பெரியமேட்டுல ஒண்ணு எடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஊட்டி போறப்பதான் போடுவேன். வீட்டுல இன்னும் கிண்டல்தான். ஆனா முழங்கை மடிப்பு என் கைக்கே பழகிடுச்சு. உள்பாக்கெட்ல எழுத்து அழிஞ்ச பஸ் டிக்கெட் ஒண்ணு கிடக்கு. எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

ஜாக்கெட்டை மொட்டைமாடியில வெச்சு, பூஞ்சையை உலர்ந்த துணியால துடைங்க. நிழல்ல காயட்டும், வெயில் ஆகாது. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிடாதீங்க. பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டுட்டு பழைய காட்டன் வேட்டியைப் போர்த்தி, அகலமான ஹேங்கர்ல மாட்டுங்க. டிசம்பர்ல ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.