200 ட்ரெட்வேர் டயர் உங்களுக்கு வேண்டாம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார், 17 அங்குல வீல், 205/45 டயர் அளவு, ரேஸ் டிராக் பக்கமே போவதில்லை, இப்போதுள்ள மலிவு டயர் மழையில் வழுக்குகிறது, அதனால் 200 ட்ரெட்வேர் டயர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ட்ரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்; 200 ரகம் நன்றாகச் சூடேறினால்தான் முழுப் பிடிப்பைக் கொடுக்கும், தினசரி ஓட்டத்தில் அந்தச் சூடு வரவே வராது, சீக்கிரம் தேயும், சத்தம் அதிகம், தண்ணீர் தேங்கிய சாலையிலோ பல டயர்கள் சட்டென்று மிதக்க ஆரம்பித்துவிடும். உங்கள் பிரச்சினையே மழைதானே!

ட்ரெட்வேர் எண் 300 முதல் 340 வரை உள்ள கோடை டயர்களைப் பாருங்கள். ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500 (340) கையைக் கடிக்காது, என் முதல் தேர்வு அதுதான். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02, ஈரத்தில் அருமையான டயர். ஆனால் இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போடுகிறது, அதனால் இரண்டு பிராண்டுகளை எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் ஓட்டுவீர்கள் என்றால் கோடை டயரே சரிப்படாது.

அப்புறம், தள்ளுபடியில் வாங்கினால் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். நான்கையும் ஒரே ரகமாக மாற்றுங்கள். பழைய டயரைக் கழற்றும்போது உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், அங்கே மட்டும் மழமழவென்று இருந்தால் முதலில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யுங்கள்.