மூன்று சாவிப் பெட்டி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: யூதர்கள் என்றாலே வட்டி, பணம் என்றுதான் பேசுகிறார்கள். அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறிய தொழிலா? - வாசகர், விருதுநகர்

பதில்: சர்வீஸ் முழுக்க வங்கிக் கடன் பிரிவில் தேய்ந்தவன் நான். கடன் கொடுத்தவனை ஊர் திட்டும்போது எனக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். பத்திரம் யாரிடம் இருந்தது? லாபம் கடைசியில் யார் கைக்குப் போனது?

இங்கிலாந்துக் கணக்கைப் பார்ப்போம். 1066-ல் வட பிரான்சைச் சேர்ந்த நார்மன்கள் அந்த நாட்டைப் பிடித்த பிறகு, அவர்கள் பின்னால் பிரான்சிலிருந்து யூதர்கள் வந்தார்கள். கைத்தொழில் சங்கங்களில் கிறிஸ்தவர்களுக்குத்தான் இடம். நிலம் வைத்துப் பண்ணையார் ஆகவும் வழியில்லை. கிறிஸ்தவர்கள் வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. ஆனால் கோட்டை கட்ட, படை திரட்ட, மடாலயம் எழுப்பப் பணம் வேண்டுமே! சரி, நீங்கள் கொடுங்கள் என்று யூதர்களைக் கைகாட்டிவிட்டார்கள்.

லிங்கன் நகரத்து ஆரோன் அப்படிக் கொடுத்தவர். சிஸ்டர்சியன் துறவிகளின் ஒன்பது மடாலயங்கள் அவரிடம் கடன் வாங்கியிருந்தன. 1186-ல் அவர் இறந்ததும் சொத்து முழுவதையும் மன்னர் இரண்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டார். ரொக்கத்தையும் நகையையும் பிரான்சுக்கு ஏற்றிப் போன கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. பாக்கி நின்ற கடன் மட்டும் சுமார் 15,000 பவுண்டு. அதை வசூலிக்க அரசாங்கம் தனி அலுவலகமே திறந்தது. அதற்குப் பெயரும் ஆரோன் பெயர்தான். கொடுத்தவர் போய்விட்டார், கடன்காரர்கள் தப்பவில்லை, பணம் ராஜாவுக்கு.

1190 மார்ச்சில் யார்க் நகரத்தில் நடந்தது கொடுமை. உயிருக்குப் பயந்து கோட்டைக்குள் ஒளிந்த சுமார் 150 யூதர்கள் அங்கேயே மாண்டார்கள். பலர் தங்கள் கையாலேயே உயிரை விட்டார்கள். தாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கிய சிலர் யூதர்களிடம் கடன்பட்டிருந்த பிரபுக்கள். வேலை முடிந்ததும் அவர்கள் நேராகப் பேராலயத்துக்குப் போனார்கள். பத்திரங்கள் பாதுகாப்புக்காக அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினார்கள். இதற்கு மதவெறி என்ற ஒரு காரணம் மட்டும் போதுமா? எனக்குப் போதவில்லை.

அப்போதைய ராஜா முதலாம் ரிச்சர்டுக்கும் கோபம் வந்தது. செத்தவர்களுக்காக மட்டுமில்லை, எரிந்துபோன பத்திரத்தில் தன் வருமானமும் இருந்ததே! 1194-ல் புது ஏற்பாடு வந்தது. இனி ஒவ்வொரு கடன் பத்திரமும் இரண்டு பிரதி. கடன் வாங்கியவர் முத்திரை வைத்த பிரதி யூதரிடம், மற்றது பொதுப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு: ஒரு சாவி கிறிஸ்தவப் பொறுப்பாளர்களிடம், ஒன்று யூதப் பொறுப்பாளர்களிடம், ஒன்று அரசாங்க எழுத்தரிடம். எங்கள் ஸ்ட்ராங் ரூமில் மேனேஜரும் கேஷியரும் ஆளுக்கொரு சாவி வைத்திருப்போம், திருட்டுப் போகாமலிருக்க. இங்கே மூன்றாவது சாவி, யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்று ராஜாவுக்குத் தெரிய.

நன்றாகவே கறந்தார்கள். பிற்பாடு சட்டம் அனுமதித்த வட்டி, பவுண்டுக்கு வாரம் 2 பென்னி. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி; கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 43 சதவீதம்! கொள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் ராஜா நினைத்தபோதெல்லாம் யூதர்கள் மேல் தனி வரி போட்டார். 1241-ல் மட்டும் 20,000 மார்க் (ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு). அதைக் கட்ட முடியாதவர்கள் பத்திரங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். அரண்மனைக்காரர்கள் அவற்றை வாங்கி, அடமானத்தில் இருந்த நிலத்தைச் சுருட்டினார்கள். ஊர் வாயில் விழுந்தது மட்டும் யூதர்கள். 1275-ல் வட்டித் தொழிலுக்கே தடை வந்தது. கறக்க ஒன்றும் மிஞ்சாத நிலையில் 1290-ல் முதலாம் எட்வர்டு எல்லோரையும் நாட்டைவிட்டே துரத்தினார். கைமாறாக நாடாளுமன்றம் அவருக்குப் பெரிய வரி ஒன்றை அனுமதித்தது. அப்புறம் வட்டி ஒழிந்ததா என்றால், இல்லை. எட்வர்டுக்குக் கடன் கொடுத்துவந்தவர்கள் இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி நிறுவனத்தார். சுத்தமான கிறிஸ்தவர்கள்.

இதை வைத்து எல்லா யூதர்களும் கடன் கொடுத்தவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏமனில் அவர்கள் வெள்ளி ஆசாரிகள். ரஷ்யப் பேரரசில் பெரும்பாலும் தையல்காரர், செருப்புத் தைப்பவர், மூட்டை தூக்கி விற்பவர். நம் கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டினார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே பெயர்.

கேள்வி: தடை இல்லாத இடத்தில் யூத வணிகர்கள் எப்படி இருந்தார்கள்? இந்தியாவுக்கு வந்தார்களா? - வாசகி, திருநெல்வேலி

பதில்: வந்தார்கள், கடிதமும் எழுதினார்கள். கெய்ரோவில் ஒரு யூத ஆலயத்தின் அறையில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் குவிந்து கிடந்தன. கடவுள் பெயர் எழுதியதை அழிக்கக் கூடாது என்பதால் எதையும் தூக்கி எறியவில்லை. கணக்கும் கடிதமும் சேர்ந்தே தப்பின. அதில் ஆபிரகாம் பென் யிஜு என்பவரை நான் விரும்பிப் படிப்பேன். துனீசியாக்காரர். 1132 வாக்கில் மங்களூரில் கடை போட்டு, வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து உடைந்த பாத்திரம் வரும். உருக்கிப் புதுசாகச் செய்து அனுப்புவார். கூடவே மிளகு, ஏலம், பாக்கு, இரும்பு. பதிலுக்கு நண்பர்கள் அனுப்பியதில் சர்க்கரை, உலர் திராட்சையோடு காகிதமும் உண்டு, இங்கே காகிதம் கிடைக்காது என்பதால். அவருடைய அடிமை பொம்மாதான் சரக்கோடு ஏடனுக்குப் போய்வரும் ஏஜென்ட். ஏடன் வணிகர் எழுதும்போது பொம்மாவையும் விசாரித்து எழுதுகிறார்.

அதற்கும் முன்னால், 849-ல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். அரபியும், பழைய பாரசீக மொழியான பகலவியும் இருக்கின்றன. ஹீப்ரு லிபியில் பாரசீகம் எழுதிய யூதர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சென்னை பவழக்காரத் தெருப் பக்கம் யூதர்கள் இருந்தார்களாமே? - வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பவழ வியாபாரத்தில் அவர்கள் இருந்தது நிச்சயம். மத்தியதரைக் கடல் பவழத்துக்கு நம் நாட்டில் ஏக கிராக்கி. அதை லண்டன் யூத வணிகர்கள் கம்பெனிக் கப்பலில் மதராசுக்கு அனுப்பி, விற்ற பணத்தில் கோல்கொண்டா வைரம் வாங்கினார்கள். இந்தியச் சரக்குக்கு விலையாக வெள்ளி நாட்டைவிட்டுப் போகிறதே என்று புலம்பிய இங்கிலாந்துக்கு அது நிம்மதி. வைரம் வாங்க இங்கேயே வந்து குடியேறிய ஜாக் டி பைவா 1687-ல் இங்கேயே இறந்தார். அடுத்த வருஷம் தொடங்கிய மதராஸ் மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் (மூத்த உறுப்பினர்களில்) யூத வணிகர்களும் உண்டு. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் நம் வைரத்துக்கு மவுசு இறங்கியது.

கேள்வி: உலக வங்கிகள் எல்லாம் ராத்சைல்டு குடும்பத்துக்குச் சொந்தம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? - வாசகர், ஓசூர்

பதில்: ராத்சைல்டுகள் ஐரோப்பாவில் பல ஊர்களில் வங்கி நடத்திய யூதக் குடும்பம். அவர்களுடைய நேபிள்ஸ் கிளை 1863-ல் மூடியது. தாய் வீடான ஃபிராங்க்ஃபர்ட் வங்கி ஆண் வாரிசு இல்லாமல் 1901-ல் மூடியது. வியன்னா வங்கியை 1938-ல் நாஜிகள் பிடுங்கினார்கள். பாரிஸ் வங்கியை 1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு நாட்டுடைமை ஆக்கியது. உலகத்தையே ஆட்டிவைக்கிற குடும்பத்துக்குச் சொந்த வங்கியைக் காப்பாற்றத் தெரியாமலா போயிற்று?