மாத்திரையை நிறுத்தினேன், மறுபடியும் ரத்தம் போகிறது

கேள்வி: எனக்கு வயது 29. தேவகோட்டைப் பக்கம் கிராமம். இரண்டு வருடத்துக்கு முன் கொலோனோஸ்கோப்பி செய்து 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார்கள். மெசலமைன் மாத்திரையில் நன்றாகவே இருந்தேன். குழந்தைக்கு முயற்சி செய்யும்போது அது ஆகாது என்று உறவில் ஒருவர் சொன்னதால் நான்கு மாதமாக நிறுத்திவிட்டேன். பத்து நாளாகத் தினமும் நான்கு தடவை சளியும் ரத்தமுமாகப் போகிறது. காய்ச்சல் இல்லை. நம் வீட்டுக் காரம்தான் காரணம் என்கிறார் கணவர். மாதுளை ஓட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார் அப்பத்தா. மூன்று வாரத்தில் நாத்தனார் கல்யாணம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த மாத்திரையைப் பேசிவிடுவோம் அம்மா. மெசலமைன் கருத்தரிப்பதைத் தடுக்காது. கர்ப்ப காலத்திலும் பொதுவாக அதைத் தொடரவே சொல்கிறோம். இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்தான சல்ஃபாசலசின், ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் அதுவும் சரியாகிவிடும். அந்தச் செய்திதான் வாய் மாறி மாறி உங்களிடம் இப்படி வந்து சேர்ந்திருக்க வேண்டும். உண்மையில் கர்ப்பத்துக்குத் தொந்தரவு தருவது குடல் கொதித்துக்கொண்டிருக்கும் நிலைதான். நோய் அடங்கி மூன்று மாதமாவது அமைதியாக இருந்தபின் கருத்தரிப்பது நல்லது.

காரம் இந்த நோயை உண்டாக்காது. நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தப் பெருங்குடலின் உள்சவ்வையே தாக்குவதால் வருவது இது. ஆசனவாயை ஒட்டிய பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். ஆகவே, சமைத்தவர்களையும் சாப்பிட்ட உங்களையும் யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். மருந்து நின்றதால் நோய் தலை தூக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கிருமித் தொற்றாலும் இப்படி ஆகலாம் என்பதால், உங்கள் குடல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். மலப் பரிசோதனை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை, முடிந்தால் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் மலத்தில் எவ்வளவு என்பதையும் பார்ப்பார். மெசலமைனை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்றும் அவரே சொல்வார். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மட்டும் வாங்கிவிடாதீர்கள். தொற்று இருக்கும்போது அது ஆபத்து. மருத்துவரே கொடுத்தாலும் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆசனவாய் வழியாகச் செலுத்தும் திரவ மருந்தான மெசலமைன் எனிமாவும் எழுதிக் கொடுக்கலாம். கூச்சப்பட்டு அதைப் பையிலேயே வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். புண் கீழ்ப்பகுதியில் இருந்தால் வாய்வழி மாத்திரையோடு இதையும் சேர்க்கும்போது குணம் சீக்கிரம் தெரியும். இரவில் கடைசியாக வெளிக்குப் போய் வந்தபின் போடுங்கள். பாட்டிலைக் கையில் பிடித்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்குங்கள். பழைய துண்டை விரித்து இடது பக்கமாகப் படுங்கள். இடது காலை நீட்டி வலது முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம் இறங்குவதால் மருந்து எளிதாக ஏறும். முதல் இரண்டு மூன்று இரவு தங்காமல் வெளியே வந்தால் விட்டுவிடாதீர்கள், புண் ஆற ஆறத் தங்கும்.

சாப்பாடு. காரம் நோய்க்குக் காரணமில்லை என்றாலும் புண்ணான இடத்தில் எரியத்தான் செய்யும். வரமிளகாய்ச் சட்னி, மிளகு வறுவல், எண்ணெயில் பொரித்த பணியாரம், சீடை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று கவுனி அரிசியையும் இப்போது எடுக்காதீர்கள். அதன் தவிடும் நாரும் குடல் ஆறிய பிறகு ஏற்கும். குழைய வடித்த வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மிளகாய் போடாமல் பாசிப்பருப்பில் வைத்த இளங்குழம்பு இவை வயிற்றுக்கு இதமானவை. சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காயைத் தோலும் விதையும் நீக்கிக் குழைய வேகவைத்துச் சேருங்கள்.

பயந்து வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ரத்தத்தோடு புரதமும் வெளியேறும் நாட்கள் இவை. 50 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும். தொண்டிப் பக்கமிருந்து வரும் மீனை ஆவியில் வேகவைத்தோ காரமில்லாத குழம்பாகவோ எடுங்கள். சைவம் என்றால் பருப்பு, பனீர், தயிர். பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்றால் பால் காபியை மட்டும் சில வாரம் விடுங்கள், தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அப்பத்தா அன்பாகத்தான் சொல்கிறார். மாதுளை ஓட்டுக் கஷாயம் பேதியைக் கட்டும் என்ற நம்பிக்கை பழையது. இது அந்தப் பேதி இல்லை. நோய் தீவிரமாகும்போது போக்கை வலிந்து கட்டினால் குடல் உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். பேதியை நிறுத்தும் லோபரமைட் போன்ற மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள். மூட்டுவலி, தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம், நோயைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால் போதும். வயிறு இழுத்துப் பிடித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சிரமம் உண்டு. முகப்பில் படுத்திருப்போம், கழிப்பறை வளவு தாண்டி, இரண்டாம் கட்டும் தாண்டிப் பின்கட்டில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அடக்க முடியாமல் அவ்வளவு தூரம் ஓடுவது எவ்வளவு பதற்றம்! வெட்கப்படாமல் படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மிதமான வெந்நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் புண்ணாகாது.

கல்யாணத்துக்குப் போங்கள். பந்தி பரிமாற, சீர் அடுக்க வேறு கைகள் இருக்கின்றன. மாமியாரிடம் விஷயத்தை நேராகச் சொல்லி, உங்களுக்கு மட்டும் தனியாகக் குழைந்த சோறும் தயிரும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளியூர் மண்டபம் என்றால் பஸ்ஸைவிட ரயிலோ காரோ நல்லது. மாற்றுத் துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.

ஆனால் ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ, 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் மருத்துவமனையில் சேர்ந்தே ஆக வேண்டும். வயிறு உப்பிக் கல்லாக இறுகினாலும், எழுந்தால் மயக்கம் வந்தாலும் அப்படியே. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் காத்திருக்காதீர்கள், இந்த நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தம் உறைவது அதிகம். உங்கள் மருத்துவர் வெளியூரில் இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது உடனே புறப்படுங்கள், தாலி கட்டும் நேரமாகவே இருந்தாலும் சரி.