பதில்: டெரி ஃபாக்ஸ் ஓட்டம் - கடைசியாக வந்தால்?

அலுவலகத்தில் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கு உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், கடைசியாக வந்தால் மானம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கடைசி என்றே ஒன்று கிடையாதுங்க. புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டும் ஓட்டம், போட்டியே இல்லை. நடக்கலாம், சைக்கிளிலும் வரலாம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் அம்மாக்கள் என்னை முந்தியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே! புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெரியே 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டரை விந்தி விந்தித்தானே கடந்தார்?

மூன்று வாரம் இருக்கிறது, போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம்: இரண்டு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை. அப்புறம், புது ஷூவை அன்றைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். நான் வைத்தேன், குதிகாலில் கொப்புளத்தோடுதான் வீடு திரும்பினேன். டொராண்டோவில் செப்டம்பர் காலை குளிரும். சூடேறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி மெல்லிய ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.