சொட்டும் குழாயும் சில கேள்விகளும்

கேள்வி: புதுக் குழாய் மாட்டினேன். டெஃப்லான் டேப் நிறையவே சுற்றினேன், ஆனாலும் சொட்டுகிறது. இன்னும் இறுக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. முதலில் கழற்றிப் பாருங்கள். மரையின் விளிம்பில் டேப் வெள்ளை நூல் மாதிரி சுருண்டு பிதுங்கியிருந்தால், சுற்றிய திசை தப்பு. மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் குழாயைத் திருகும்போது டேப் மரையோடு இன்னும் இறுகும். நுனியில் முதல் மரையை விட்டுவிடுங்கள், துணுக்கு உள்ளே போய் அடைக்காது. டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் மரையின் பள்ளத்தில் படியும்.

நிறைய பேர் செய்கிற இன்னொரு வேலை: குழாய் நேராக நிற்கவில்லை என்று அரைச் சுற்று பின்னால் திருப்புவது. அங்கேதான் கசிவு ஆரம்பிக்கும். திருப்பிவிட்டால் முழுசாகக் கழற்றிப் புது டேப் சுற்றுவதே நல்லது.

மாட்டியிருப்பது பிளாஸ்டிக் எல்போ (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு) என்றால் ரெஞ்சைப் பார்த்துப் போடுங்கள். பித்தளைக் குழாயை முரட்டுத்தனமாக இறுக்கினால் எல்போவில் மயிரிழை அளவு விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, சில வாரம் கழித்துச் சுவர் ஈரமாகும்போது தெரியும். உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ கிடைக்கிறது, குழாய் மாட்டும் இடத்துக்கு அதைத்தான் வாங்குவேன்.

கேள்வி: வாஷ் பேசினுக்கு அடியில் வரும் கனெக்‌ஷன் ஹோஸுக்கும் டேப் சுற்றணுமா?

தேவையில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை நிறுத்துகிறது. கையால் இறுக்கி, ஸ்பானரில் லேசாக ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

கேள்வி: சிங்க் அடைத்துக்கொண்டது. பவுடர் போட்டும் போகவில்லை. அடுத்து ஆசிட் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அடைப்பு நீக்கும் பவுடரில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அதன்மேல் ஆசிட் பட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது இன்னும் ஆபத்து. பவுடர் போட்ட சிங்கை ஒரு பிளம்பர் பார்க்க வந்தால், போட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கைதான் உள்ளே போகும்.

அடுத்த முறை முதலில் அடியில் ஒரு பக்கெட் வைத்து பாட்டில் டிராப்பை (சிங்குக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் குப்பி) கழற்றுங்கள். பாதி அடைப்பு அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அதிகம் புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம். குழாய் உடைந்திருக்குமோ?

ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு நாளை பாருங்கள். தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியில் இருக்கும் டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் கெட்ட காற்றைத் தடுக்கிறது. புழங்காமல் விட்டால் வற்றிப்போகும். ஊற்றியும் ஓரிரு நாளில் நாற்றம் திரும்பினால் டிராப்பில் கீறலோ, வென்ட் குழாயில் (கழிவுக் குழாயின் காற்றுப்போக்கி) கோளாறோ இருக்கலாம். அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை ஒட்டினேன், வால்வைத் திறந்ததும் கழன்று வந்துவிட்டது. சொல்யூஷன் குறைந்துவிட்டதா?

அளவு குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது சார். சொல்யூஷன் வெறும் பசை இல்லை. இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்குகிறது. ஈரமோ தூசியோ இருந்தால் பிடிக்காது. குழாயை நேராக வெட்டி, பிசிறை வழித்து, துடைத்து, சொல்யூஷன் தடவிக் கால் சுற்றுத் திருப்பி முழுசாக உள்ளே தள்ளுங்கள். தள்ளியதும் கையை எடுக்காதீர்கள். குழாய் தானாகவே மெல்ல வெளியே தள்ளிக்கொள்ளும். 15 முதல் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்பது டப்பாவிலேயே இருக்கும், குளிர் நாளில் கூடுதலாக விட வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். ‘பழகின வேலைதான், தேவையில்லை’ என்று சொன்னாலும் விடாதீர்கள்.

கேள்வி: வாட்டர் ஹீட்டரின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

அதை மட்டும் செய்யாதீர்கள் அக்கா. தண்ணீர் சூடானால் விரியும். அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் வால்வே இருக்கிறது. அடைத்தால் டேங்க் வெடிக்கக்கூடும். சூடேறும் நேரத்தில் சில சொட்டு வருவது இயல்புதான். ஹீட்டரை அணைத்துத் தண்ணீர் ஆறின பிறகும் நிற்காமல் சொட்டினால், ஒன்று குழாயில் அழுத்தம் அதிகம், இல்லையென்றால் வால்வு போய்விட்டது. ஆளை வைத்துச் சோதித்து, வால்வு கெட்டிருந்தால் அதே பார் (அழுத்த அலகு) அளவில் புதிது போடச் சொல்லுங்கள்.