401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் கட்டணம் அதிகம் என்று அமெரிக்க ஊழியர்கள் கம்பெனி மேலேயே வழக்குப் போட முடிவது எப்படி?

பணம் ஊழியருடைய சம்பளத்தில் பிடித்தது. ஆனால் எந்தெந்த முதலீட்டு ஃபண்டில் போடலாம் என்ற பட்டியலைக் கம்பெனி தரப்புதான் முடிவு செய்கிறது. ஊழியர்களின் ஓய்வூதியத்தைப் பாதுகாக்க 1974-இல் வந்த எரிசா சட்டம் இங்கேதான் பிடிக்கிறது: திட்டத்தை நடத்துபவர்கள் உறுப்பினர்களின் நலனுக்காகவே, விவரமறிந்தவர்போல் கவனமாக நடக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் எடிசன் நிறுவனத்தின் மேல் 2007-இல் தொடுத்த வழக்கையே பாருங்கள். ஒரே ஃபண்டு இரண்டு வகையில் கிடைத்தது. பெரிய நிறுவன முதலீட்டாளருக்குக் கட்டணம் குறைவு. எடிசன் திட்டம் எடுத்ததோ சில்லறை வகை. மூட்டை மூட்டையாக வாங்குகிறவர் பாக்கெட் விலை கொடுத்த கதை! சில ஃபண்டுகளைச் சேர்த்து, வழக்குப் போடும் கெடுவான ஆறு வருஷம் தாண்டிவிட்டது, இனி கேட்க முடியாது என்று எடிசன் தரப்பு வாதாடியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது: தேர்ந்தெடுத்ததோடு கடமை முடியாது, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். நியாயம்தானே?

அதற்காக, ஃபண்டு நஷ்டமானது என்பதற்காக மட்டும் ஜெயிக்க முடியாது. முடிவை எப்படி எடுத்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் முதலீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகள் பெரிய சாட்சி. அப்புறம், ஜெயித்தாலும் இழப்பீடு பொதுவாகத் திட்டத்துக்குத்தான் போகும். பெரும்பாலும் கையில் காசோலை வராது.